எங்கும் ஒரே தீர்ப்பு: ஷெல் சோதனை ஸ்கிரிப்டுகளும் பல யூனிக்ஸ்களும்

ஒரு நிரல் தவறு செய்தால் அதைப் பிடிக்கச் சோதனை இருக்கிறது. சோதனையே தவறு செய்தால் பிடிக்க யாரும் இல்லை. ஷெல் ஸ்கிரிப்டாக எழுதப்படும் சோதனைகளை எல்லா யூனிக்ஸ் கணினிகளிலும் ஒரே மாதிரி ஓடச் செய்வது எப்படி என்ற கேள்வி இதனால்தான் முக்கியமாகிறது. சாதாரண ஸ்கிரிப்ட் வேறொரு கணினியில் ஓடாமல் நின்றால் பிழைச் செய்தி வரும், திருத்திக்கொள்ளலாம். சோதனை ஸ்கிரிப்ட் ஓடியும் ஓடாமலும் "எல்லாம் சரி" என்று எழுதிவிட்டுப் போனால், பிழையுள்ள நிரல் சான்றிதழோடு வெளியே போய்விடும்.

மும்பையின் மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ., செம்பூரில் விவேகானந்த் கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரி என்று தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் கல்லூரிகள் உள்ளன. அங்கெல்லாம் ஆய்வகக் கணினி ஒன்று, சொந்த லேப்டாப் ஒன்று, வேலைக்குப் போகும் இடத்தில் செர்வர் வேறொன்று. தாராவியில் பல வீடுகளில் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனே முதல் கணினி. அதன் உள்ளேயும் லினக்ஸ் கருதான் இருக்கிறது, ஷெல்லும் இருக்கிறது. ஆனால் அந்த ஷெல்லும் கல்லூரி ஆய்வகத்து ஷெல்லும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, சோதனைகளை எப்படிக் கெடுக்கிறது, இதுவரை சொல்லப்பட்ட தீர்வுகளில் எது எவ்வளவு பயன் தருகிறது என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

ஷெல்கள் பெருகிய வரலாறு

1979இல் பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு போர்ன் ஷெல் வெளிவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் சி ஷெல்லை எழுதினார். 1983இல் டேவிட் கார்ன் தமது கார்ன் ஷெல்லை அறிவித்தார். 1989இல் பிரையன் ஃபாக்ஸின் பாஷும் கென்னத் ஆம்க்விஸ்ட்டின் ஆஷும் வந்தன. நிறுவனங்கள் ஆளுக்கொரு யூனிக்ஸை விற்றன: சன் நிறுவனத்தின் சோலாரிஸ், ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், எச்பி-யின் எச்பி-யுஎக்ஸ், பிசிகளுக்கு எஸ்சிஓ யூனிக்ஸ். எல்லாவற்றிலும் 'எஸ்எச்' என்ற பெயரில் ஒரு ஷெல் இருந்தது. பெயர் ஒன்று, உள்ளே இருந்தது வேறு வேறு.

இந்தப் பன்மையை மும்பை தொடக்கத்திலேயே பார்த்துவிட்டது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஒரு பிரிவிலிருந்து 1985இல் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் உருவாகி ஜூஹுவில் இயங்கியது. அதை வழிநடத்தியவர் சீனிவாசன் ரமணி. இந்தியாவின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட்டின் தொடக்க மின்னஞ்சல்கள் 1987இல் இந்த மையத்துக்கும் பவாயில் உள்ள ஐஐடி பம்பாய்க்கும் இடையே, சாதாரணத் தொலைபேசி இணைப்பு வழியாகப் போயின. அதற்குப் பயன்பட்ட யுயுசிபி என்பது ஒரு யூனிக்ஸிலிருந்து இன்னொரு யூனிக்ஸுக்குக் கோப்பை நகலெடுக்கும் கருவி.

ரங்கராஜன் குழுக்களின் 1984, 1989 அறிக்கைகளுக்குப் பிறகு வங்கிக் கிளைகளில் கணினி பரவியபோது யூனிக்ஸும் அவற்றோடு பரவியது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1991இல் தொடங்கிய அனுபம் இணைக்கணினித் திட்டம் இன்டெல்லின் ஐ860 சிப்பில் ஆரம்பித்து, பின்னர் பென்டியமுக்கும் லினக்ஸுக்கும் நகர்ந்தது. ஒரே வளாகத்தில் கணினி மாறும், கணக்கு மாறக்கூடாது. அந்தக் கணக்கு மாறவில்லை என்று உறுதி செய்யும் சோதனையும் இடம் மாறி ஓடியாக வேண்டும்.

குழப்பத்தைத் தீர்க்க 1992இல் போசிக்ஸ் தரத்தின் ஷெல் பகுதி வெளியானது. எந்தக் குறியீடு எல்லா ஷெல்லிலும் இருக்க வேண்டும், எந்தக் கட்டளைக்கு எந்த ஆப்ஷன் உண்டு என்று அது வரையறுத்தது. ஆனாலும் சோலாரிஸ் 10 வரை அதன் 'எஸ்எச்' பழைய போர்ன் ஷெல்லாகவே இருந்தது. கட்டளையின் விடையை மாறியில் வாங்கும் $( ) என்ற வடிவம்கூட அதில் ஓடாது. தரத்துக்கு ஏற்ற ஷெல் வேறொரு அடைவில் தனியாக வைக்கப்பட்டிருந்தது. 2011இல் வந்த சோலாரிஸ் 11இல்தான் இது மாறியது.

லினக்ஸ் உலகில் நெருக்கடி 2006 அக்டோபரில் வந்தது. உபுண்டு 6.10இல் 'எஸ்எச்' என்ற பெயர் பாஷை விட்டு டாஷுக்குப் போனது. டாஷ் சிறியது, வேகமானது. கணினி விரைவாகத் துவங்கும் என்பது காரணம். 2011இல் டெபியனும் அதே வழியில் வெளிவந்தது. முதல் வரியில் 'எஸ்எச்' என்று எழுதிவிட்டு உள்ளே பாஷின் தனிப்பட்ட குறியீடுகளைப் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகள் பல அப்போது உடைந்தன. ஆப்பிள் கணினியிலோ பாஷ் 2006இன் 3.2 பதிப்பிலேயே நின்றுவிட்டது. அடுத்த பதிப்புகளின் உரிமத்தை ஆப்பிள் ஏற்காததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2019 முதல் அங்கே பயனரின் இயல்பு ஷெல் இசட் ஷெல். கண்டெய்னர்களில் பெருவழக்கான ஆல்பைன் லினக்ஸில் பிஸிபாக்ஸின் ஆஷ். ஆண்ட்ராய்டில் கார்ன் ஷெல் வழிவந்த எம்கேஎஸ்எச். இன்றைய மாணவர் சந்திக்கும் பன்மை 1980களின் பன்மைக்குக் குறைந்ததல்ல.

பொய்யாகக் கிடைக்கும் தேர்ச்சி

ஷெல் வேறுபாடுகளில் பெரும்பாலானவை பிழைச் செய்தியோடு நின்றுவிடும். சில மட்டும் ஓசையில்லாமல் தீர்ப்பையே மாற்றிவிடும். அவற்றைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

நிரல் தந்த விடை ஒரு கோப்பில், எதிர்பார்த்த விடை இன்னொரு கோப்பில் இருக்கின்றன. இரண்டையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் 'தேர்ச்சி' என்று எழுதுகிறோம். டிஃப் திரையில் கொட்டுவதை மறைக்க, வரியின் கடைசியில் &> என்று போட்டு வெளியீட்டை வெற்றுச் சாதனத்துக்கு அனுப்புகிறோம். பாஷில் இது சரியான குறியீடு. டாஷ் இதை இரண்டாகப் பிரித்துப் படிக்கும். '&' வரை ஒரு கட்டளை: டிஃப்பைப் பின்னணியில் ஓடவிடு. '>' முதல் இன்னொரு கட்டளை: வெற்றுச் சாதனத்தை எழுதுவதற்குத் திற. திறப்பது எப்போதும் வெற்றிதான், எனவே வரி முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணான எக்சிட் கோட் 0, அதாவது வெற்றி. கோப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தாலும் சோதனை 'தேர்ச்சி' என்று எழுதும். ஒரு பிழைச் செய்தியும் வராது. பாஷில் நேர்மையாக இருந்த சோதனை, உபுண்டுவில் 'எஸ்எச்' வழியாக ஓடியதும் எதையும் சோதிக்காத சோதனையாகிவிடுகிறது.

அடுத்தது '=='. சதுர அடைப்புக்குள் இரண்டு சொற்களை ஒப்பிடத் தரம் சொல்வது ஒற்றை '='. பாஷ் இரட்டையையும் ஏற்கும். டாஷ் ஏற்காது, ஒரு செய்தி எழுதிவிட்டு எக்சிட் கோட் 2 தரும். "விடை == பிழை என்றால் தோல்வி, இல்லாவிட்டால் தேர்ச்சி" என்று சோதனையை எழுதியிருந்தால், 2 என்பதும் 'இல்லாவிட்டால்' பக்கம்தான் விழும். ஒப்பீடே நடக்கவில்லை, தேர்ச்சி கிடைத்துவிட்டது.

ஷெல் மாறாமலே இதே ஓட்டை இன்னொரு இடத்திலும் இருக்கிறது. பதிவுக் கோப்பில் 'பிழை' என்ற சொல் இருக்கக்கூடாது என்று கிரெப் கட்டளையால் சோதிக்கிறோம். சொல் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பையே திறக்க முடியாவிட்டால் ஒன்றைவிடப் பெரிய எண். 'பூஜ்யம் இல்லாவிட்டால் தேர்ச்சி' என்று எழுதினால், பதிவுக் கோப்பே உருவாகாத நாளிலும் தேர்ச்சிதான்.

இவற்றிலிருந்து எழும் விதி ஒன்று: சோதனையின் தீர்ப்பு இரண்டு அல்ல, மூன்று. தேர்ச்சி, தோல்வி, சோதிக்க முடியவில்லை. டிஃப், கிரெப், சிஎம்பி, டெஸ்ட் ஆகிய கட்டளைகள் எல்லாமே 0, 1, அதற்கு மேல் என்று இந்த மூன்றையும் பிரித்துத் தருகின்றன. ஸ்கிரிப்ட் எழுதுபவர் இரண்டாக மடக்கும்போதுதான் பொய் நுழைகிறது. குனு திட்டத்தின் ஆட்டோமேக் கருவி இதை நன்கு புரிந்துவைத்திருக்கிறது. அங்கே 77 என்ற எக்சிட் கோட் 'இந்தக் கணினியில் இது பொருந்தாது, தவிர்த்தேன்' என்றும், 99 'சோதனையை நடத்தவே முடியவில்லை' என்றும் பொருள்படும்.

ஷெல்லுக்கு வெளியே

ஸ்கிரிப்டில் ஷெல் பாதி. அது அழைக்கும் கருவிகள் மறுபாதி. லினக்ஸில் குனு கருவிகள், மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் பெர்க்லி வழிக் கருவிகள், ஆல்பைனில் பிஸிபாக்ஸ், ஆண்ட்ராய்டில் டாய்பாக்ஸ். முக்கியமான வேறுபாடுகள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

எக்கோ கட்டளைக்கு \n என்ற குறி உள்ள சொல்லைக் கொடுத்தால் பாஷ் அப்படியே அச்சிடும், டாஷ் அதற்குப் பொருள் கண்டு வரியை உடைக்கும். பிரிண்ட்எஃப் எங்கும் ஒரே மாதிரி நடக்கும் என்பதால் சோதனைகளில் எக்கோவைக் கைவிடுவதே நல்லது. செட் கட்டளையில் கோப்பை அதே இடத்தில் திருத்தும் 'ஐ' ஆப்ஷன் குனுவில் ஒரு விதமாகவும் மேக்கில் வேறு விதமாகவும் ஓடும். தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பெயர் மாற்றினால் பிரச்சினை இல்லை. வரிகளை எண்ணும் 'டபிள்யூசி' மேக்கில் எண்ணுக்கு முன்னால் இடைவெளி விடும். அதைச் சொல்லாக ஒப்பிட்டால் '3'உம் இடைவெளியோடு வந்த 3உம் வேறு; எண்ணாக ஒப்பிட்டால் ஒன்று. 'நேற்று' என்ன தேதி என்று கேட்க குனுவிலும் பெர்க்லியிலும் வெவ்வேறு ஆப்ஷன்கள். சோதனைக்குள் இன்றைய தேதியைக் கொண்டுவராமல் ஒரு நிலையான தேதியை எழுதிக் கொடுப்பது இரு வகையிலும் பாதுகாப்பு: ஸ்கிரிப்ட் எங்கும் ஓடும், எந்த நாளில் ஓடினாலும் ஒரே விடை வரும்.

தமிழ் உரையைச் சோதிக்கும்போது

ஆங்கிலக் கையேடுகள் அதிகம் தொடாத பகுதி இது. நமக்கோ அன்றாடத் தேவை.

'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8இல் சேமித்தால் 15 பைட்டுகள். 'டபிள்யூசி' கட்டளையிடம் எழுத்து எண்ணிக்கை கேட்டால், மொழியமைப்பு (லோக்கேல்) யுடிஎஃப்-8 என்றிருக்கும் குனு கணினியில் 5 வரும். மொழியமைப்பு வெறும் 'சி' என்றிருந்தால் 15 வரும். மூன்று எங்கும் வராது. நீளத்தைச் சரிபார்க்கும் சோதனை தன் மொழியமைப்பைத் தானே முதல் வரிகளில் நிர்ணயித்துக்கொள்ளாவிட்டால் தீர்ப்பு கணினிக்குக் கணினி மாறும்.

வரிசைப்படுத்துவதிலும் இதே நிலை. நம் அகரவரிசையில் னகரம் பதினெட்டு மெய்களில் கடைசி. யூனிகோடு எண் வரிசையில் அது நகரத்துக்கும் பகரத்துக்கும் இடையில் நிற்கிறது. 'சி' மொழியமைப்பில் சார்ட் கட்டளை எண் வரிசையைத்தான் தரும். தமிழ் மொழியமைப்பு நிறுவப்பட்ட உபுண்டுவில் வரிசை வேறாகலாம். ஆல்பைனின் அடிப்படை நூலகமான மசல் மொழிக்கேற்ற வரிசையைச் செய்வதே இல்லை. ஒப்பீட்டுக்கு மட்டும் வரிசைப்படுத்துகிறோம் என்றால் 'சி' மொழியமைப்பே போதும், அது எங்கும் ஒன்று. அகரவரிசையே சோதனையின் பொருள் என்றால், அந்த மொழியமைப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லாவிட்டால் 'தவிர்த்தேன்' என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கோப்புப் பெயர். 'கொடி' என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாக, இரண்டு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, பைட்டுகளோ வேறு. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயரைத் தானாகவே பிரித்துச் சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். லினக்ஸில் உருவாக்கிய 'கொடி' என்ற பெயரை அந்தக் கோப்பமைப்புள்ள மேக்கில் பட்டியலிட்டு ஒப்பிட்டால், திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிய, சோதனை தோற்கும். கிட் மென்பொருள் இதற்கென்றே 2012இல் ஓர் அமைப்பைச் சேர்த்தது. ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்புக் குறிகளுக்காக எழுந்த கோரிக்கை அது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளைக் கொண்ட தமிழுக்கும் அதே அளவு பொருந்துகிறது.

நான்கு தீர்வுகள்

இந்தச் சிக்கலுக்கு நாற்பது ஆண்டுகளில் நான்கு வகையான விடைகள் வந்துள்ளன.

முதலாவது, தரத்துக்குள் எழுதுவது. கிட்டின் சோதனைத் தொகுதி இதற்குச் சிறந்த சான்று. ஏராளமான சோதனைகள் ஷெல் ஸ்கிரிப்டுகளாகவே உள்ளன. லினக்ஸ், மேக், விண்டோஸ், பிஎஸ்டி எல்லாவற்றிலும் அவை ஓடுகின்றன. பாஷின் தனிக் குறியீடுகளுக்கு அங்கே இடமில்லை. கணினியில் ஒரு வசதி இருக்கிறதா என்பதைச் சோதனை முன்நிபந்தனையாக அறிவிக்கிறது: குறுக்குச்சுட்டி (சிம்லிங்க்) உண்டா, பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறா என்பது போல. இல்லாத இடத்தில் 'தவிர்த்தேன்' என்ற பதிவோடு நகர்கிறது. தரமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இணைக்குழாயில் நடுவில் நேரும் தோல்வியை மறைக்காமல் காட்டும் 'பைப்ஃபெயில்' வசதி போசிக்ஸின் 2024 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அது எல்லா ஷெல்லுக்கும் வந்து சேரக் காலமாகும்.

இரண்டாவது, கணினியை ஆராய்ந்து அதற்கேற்ப மாறுவது. 1991இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் இந்த வழி. அதன் கையேட்டில் ஷெல் வேறுபாடுகள் பற்றிய அத்தியாயம் பல்லாண்டு அனுபவத்தின் தொகுப்பு. பெரிய மென்பொருளுக்கு இது ஏற்றது. கல்லூரிச் செயல்திட்டத்துக்கு அளவுக்கு மீறிய பாரம்.

மூன்றாவது, கணினிகளையே ஒன்றாக்குவது. துகள் இயற்பியல் உலகம் இதைச் செய்து பார்த்தது. ஃபெர்மிலேபும் செர்னும் முன்னின்று 2004இல் சயின்டிஃபிக் லினக்ஸைக் கொண்டுவந்தன. கொலாபாவின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் பங்கேற்கும் உலகளாவிய கணினி வலையத்துக்கு ஒரே வகை இயங்குதளம் பெரிய வசதி. ஆனால் அதன் கடைசிப் பதிப்பின் ஆயுள் 2024 ஜூனில் முடிந்தது. இன்றைய கண்டெய்னர்களும் இதே வழியினதே. ஒருமை கிடைக்கும், ஒரு காலம் வரை. அந்த ஒருமைக்குள் எழுதிய ஸ்கிரிப்ட் அடுத்த மாற்றத்தின்போது முதல் முறையாகச் சோதனைக்கு உள்ளாகும்.

நான்காவது, ஷெல்லை விட்டுப் பைத்தானுக்கோ பெர்லுக்கோ போவது. தரவு அமைப்புகள் வேண்டிய பெரிய சோதனைக்கு இது சரியான முடிவு. ஆனால் பைத்தான் 2இன் ஆதரவு 2020இல் நின்றது. 2022இல் ஆப்பிள் அதைத் தன் கணினிகளிலிருந்து நீக்கியது. பதிப்புச் சிக்கல் மொழி மாறினாலும் கூடவே வரும். கட்டளை வரியில் ஓடும் ஒரு நிரலை, பயனர் ஓட்டும் அதே முறையில் ஓட்டிப் பார்க்க ஷெல்லைவிட நேரான கருவி இல்லை.

முதல் வழியை அடிப்படையாகக் கொண்டு, மூன்றாவதைத் துணைக்கு வைத்துக்கொள்வதே சரி என்பது என் முடிவு. கண்டெய்னரை ஒருமைக்காகப் பயன்படுத்தாமல் பன்மைக்காகப் பயன்படுத்த வேண்டும். ஒரே ஸ்கிரிப்டை டெபியன் கண்டெய்னரிலும் ஆல்பைன் கண்டெய்னரிலும் ஓட்டினால் இரண்டு ஷெல்லும் இரண்டு கருவித் தொகுதியும் ஒரே மாலையில் சோதிக்கப்பட்டுவிடும்.

மும்பை மாணவருக்கு

மும்பைக் கல்லூரிகளில் இயங்குதளப் பாடத்தின் ஆய்வகத்தில் ஷெல் ஸ்கிரிப்ட் பயிற்சி உண்டு. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், பாஷ் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அத்திட்டத்தின் பாடங்கள் பல தமிழ்க் குரலிலும் உள்ளன. அடித்தளம் இருக்கிறது. இதன்மேல் சேர வேண்டியது ஒரு பழக்கம்தான்: எழுதியதை இன்னொரு ஷெல்லில் ஓட்டிப் பார்ப்பது.

இதற்குப் பணம் தேவையில்லை. ஒரே உபுண்டு லேப்டாப்பில் பாஷ், டாஷ், பிஸிபாக்ஸ், எம்கேஎஸ்எச், இசட் ஷெல் எல்லாவற்றையும் நிறுவலாம். விடார் ஹோலன் எழுதிய ஷெல்செக் தரத்துக்கு வெளியே போன வரிகளைச் சுட்டிக்காட்டும். டெபியனின் செக்பாஷிஸம்ஸ் பாஷுக்கே உரிய குறியீடுகளைப் பிடிக்கும். மேலே சொன்ன &>, == இரண்டையும் இவை காட்டிவிடும். ஆனால் இவை ஷெல்லின் இலக்கணத்தைத்தான் முக்கியமாகப் படிக்கின்றன. செட், டேட் போன்ற கருவிகளின் வேறுபாட்டுக்கு ஓட்டிப் பார்ப்பதே வழி.

லேப்டாப் இல்லாதவருக்கு ஆண்ட்ராய்டின் டெர்மக்ஸ் செயலி இருக்கிறது. அங்கே கருவிகள் வழக்கமான அடைவில் இல்லை, தற்காலிகக் கோப்புகளின் அடைவும் வேறிடத்தில். எனவே பாதைகளை நேரடியாக எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே உடனே சிக்கும். தற்காலிக அடைவைச் சூழல் மாறியிலிருந்து கேட்டு வாங்கி, கருவியைப் பெயரால் அழைத்து எழுதிய ஸ்கிரிப்ட் அங்கும் ஓடும். பெரிய நிறுவனத்தின் ஆய்வகம் தரும் கடுமையான பரீட்சையில் ஒரு பங்கைத் தாராவியில் ஒரு மாணவர் தன் போனிலேயே நடத்திக்கொள்ள முடியும்.

இதோடு ஒரு நடைமுறையையும் ஆசிரியர்கள் கட்டாயமாக்கலாம். சோதனை தேர்ச்சி காட்டியதும் மதிப்பெண் போடாமல், நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி ஒவ்வொரு ஷெல்லிலும் மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும். தோல்வியைக் காட்டத் தெரிந்த சோதனையின் தேர்ச்சிக்குத்தான் மதிப்பு. எதிர்பார்த்த விடைக் கோப்பையும் ஒருமுறை நீக்கிவிட்டு ஓட்ட வேண்டும். அப்போது 'சோதிக்க முடியவில்லை' என்ற மூன்றாம் தீர்ப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே கண்ட &> இந்த முதல் பரீட்சையிலேயே டாஷில் அகப்பட்டுவிடும். பிழை புகுந்த நிரலுக்கும் அது தேர்ச்சி என்றே எழுதும், அதைப் பார்க்கும் மாணவர் ஷெல்கள் வேறு வேறு என்பதை அதன்பின் மறக்கமாட்டார்.

எந்த ஷெல், எந்தக் கருவி, எந்த மொழியமைப்பு, என்ன தீர்ப்பு என்ற நான்கையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் சோதனை தன் அறிக்கையின் முதல் வரிகளில் எழுதட்டும். "எங்கும் ஓடும்" என்ற வாக்குறுதிக்குப் பதிலாக, "இந்த இந்த இடங்களில் ஓடியது, பிழையைக் கண்டது" என்ற பதிவு கையில் இருக்கும். இன்னொருவர் இன்னொரு கணினியில் அந்த வேலையைத் தொடர அந்தப் பதிவு போதும்.